சுண்டுவிரல் ஓரத்திலிருந்து கிளம்பிய செய்தி

கொலுமெல்லா முதலாம் நூற்றாண்டு ரோமானியர். இன்றைய ஸ்பெயினின் காதிஸ் நகரில் பிறந்து, இத்தாலியில் நிலபுலன் வைத்திருந்தவர். வேளாண்மை பற்றி அவர் எழுதிய பெரிய நூலின் எட்டாம் பாகம் கோழிகளையும் மீன்குளங்களையும் பற்றிப் பேசுகிறது. நல்ல பெட்டைக்கோழியைப் பார்த்து எடுப்பது எப்படி என்று சொல்லிவரும்போது, ஐந்து விரல் உள்ளவற்றையே உயர்ந்த ரகமாக மதிக்கிறார்கள் என்று ஒரு குறிப்பு வைக்கிறார். கோழியின் காலில் வழக்கமாக இருப்பது நான்கு விரல். ஐந்தாவது எங்கிருந்து முளைத்தது என்று அவர் கேட்கவில்லை. பண்ணைக்காரருக்கு அந்தக் கேள்வி தேவைப்பட்டிருக்காது. ஆனால் அந்த ஒற்றை விரலுக்குப் பின்னால் இருக்கும் கதை, ஈயின் புழுவிலும் அமெரிக்க மலைச்சரிவின் ஆட்டுமந்தையிலும் புகுந்து புறப்பட்டு, தோல் புற்றுநோய் மருந்துவரை போகிறது. கருவில் கை முளைக்கும்போது அதன் சுண்டுவிரல் பக்கத்து ஓரத்தில் சுரந்து, இத்தனை விரல், இன்னின்ன இடத்தில் என்று முடிவாக உதவும் ஒரு புரதத்தின் கதை அது.

ஐந்து விரல் கோழிகள் நெடுந்தூரம் பயணித்தவை. இங்கிலாந்தின் டார்க்கிங் கோழிக்கு ஐந்து விரல். ரோமானியர்தான் அதைக் கொண்டுவந்தார்கள் என்று அங்கே பழைய நம்பிக்கை உண்டு. கிழக்கே சீனாவிலும் ஒன்று இருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் ஊர் திரும்பிய மார்க்கோ போலோ, பூனைக்கு இருப்பதுபோல உடம்பெல்லாம் மயிர் கொண்ட கோழிகள் சீனாவில் உண்டென்று சொன்னார். இன்று சில்க்கி என்று உலகமெங்கும் வளர்க்கப்படும் பட்டுக்கோழியைத்தான் அவர் சொல்லியிருக்க வேண்டும் என்று கோழிப் பிரியர்கள் கருதுகிறார்கள். மயிரைக் கவனித்தவர் காலைக் கவனித்ததாகத் தெரியவில்லை. சில்க்கிக்கும் ஐந்து விரல்.

விரலை முதன்முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தவர் ஒரு கணித அறிஞர். பிரெஞ்சுக்காரரான மோபெர்துயி, 1736இல் லாப்லாந்தின் பனியில் போய் நிலத்தை அளந்து, பூமி துருவங்களில் தட்டையானது என்று காட்டியவர். பிறகு பெர்லின் அறிவியல் கழகத்தின் தலைவரானார். அங்கே யாக்கோப் ரூஹே என்ற அறுவை மருத்துவரின் குடும்பம் அவர் கண்ணில் பட்டது. ரூஹேயின் பாட்டிக்கு ஆறு விரல், தாய்க்கு ஆறு விரல், அவருக்கும் ஆறு விரல், அவர் பிள்ளைகள் சிலருக்கும் ஆறு விரல். மோபெர்துயி ஊரில் விசாரித்து, இருபதாயிரம் பேரில் ஒருவருக்கு ஆறு விரல் என்று வைத்துக்கொண்டார். மூன்று தலைமுறை தொடர்ந்து இது தற்செயலாக நேர்வதற்கு எட்டு லட்சம் கோடியில் ஒரு வாய்ப்பு என்று கணக்கு வந்தது. குழந்தை முழு உருவமாகவே முட்டையிலோ விந்திலோ மடங்கி உட்கார்ந்திருக்கிறது என்று பெரிய பெரிய அறிஞர்களெல்லாம் நம்பிய காலம் அது. பாட்டியிடமிருந்து மகளுக்கும், மகளிடமிருந்து மகனுக்கும், அவரிடமிருந்து பிள்ளைகளுக்கும் ஆறாம் விரல் நடந்துபோவதைக் காட்டி, தாய் தந்தை இருவருமே குழந்தைக்குக் கொடுக்கிறார்கள் என்று வாதிட்டார். பரம்பரையின் விதிகளைக் கண்ட மெண்டல் பிறப்பதற்கு ஏறக்குறைய எழுபது ஆண்டு முன்பு நடந்தது இது. மோபெர்துயிக்குரிய புகழ் அவருக்குக் கிடைக்கவில்லை என்றே எனக்குத் தோன்றும்.

ஆறு விரல் பூனைகளுக்குக் கப்பல் கிடைத்தது. அட்லாண்டிக் கடலோடிகளுக்கு அவை ராசியானவை, எலி பிடிப்பதில் கெட்டி என்று நம்பிக்கை. அதனால் பாஸ்டன் போன்ற துறைமுக நகரங்களில் இவ்வகைப் பூனைகள் இன்றும் அதிகம். ஃப்ளோரிடாவின் கீ வெஸ்டில் வாழ்ந்த எழுத்தாளர் ஹெமிங்வேக்கு ஒரு கப்பல் தலைவர் ஆறு விரல் பூனை ஒன்றைப் பரிசளித்ததாக, இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் அவர் வீட்டில் சொல்கிறார்கள். அங்கே திரியும் டஜன் கணக்கான பூனைகளில் பாதிக்கு இன்னும் விரல் கூடுதல்தான். இந்தப் பூனைகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகின்றன.

கூடுதல் விரல் பரம்பரையாக வருகிறது என்பது தெரிந்தாயிற்று. முதலில் விரல் எப்படி உண்டாகிறது? இதற்குக் கருவுக்குள் கைவைக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ராஸ் ஹாரிசன் 1918இல் சாலமாண்டரின் கால் மொட்டோடு விளையாடினார். மொட்டில் பாதியை வெட்டி எறிந்தாலும் முழுக்கால் வளர்ந்தது. இரண்டு மொட்டுகளை ஒட்டினாலும் ஒரே கால்தான் வளர்ந்தது. ஆக, இந்தச் செல் விரலாகும், அந்தச் செல் முழங்காலாகும் என்று முன்கூட்டி எழுதிவைக்கப்படவில்லை. செல்கள் தங்களுக்குள் பேசி முடிவு செய்கின்றன.

பேச்சை ஒட்டுக்கேட்க ஏற்ற இடம் கோழிமுட்டை. ஓட்டில் சிறு சாளரம் வெட்டி, வேலையை முடித்து, நாடாவால் ஒட்டி மீண்டும் சூட்டில் வைத்தால் கரு வளர்ந்துகொண்டே இருக்கும். மூன்றாம் நாள் உடலின் பக்கவாட்டில் நான்கு சிறு புடைப்புகள் எழும்பும்: சிறகுக்கு இரண்டு, காலுக்கு இரண்டு. மனிதக் கருவில் கைப் புடைப்பு ஏறக்குறைய 26ஆம் நாள் தெரியவரும். எட்டு வாரத்துக்குள் விரல்கள் தனித்தனியே பிரிந்துவிடும். 1948இல் ஜான் சாண்டர்ஸ் என்ற அமெரிக்க உயிரியலாளர், சிறகு மொட்டின் நுனியில் ஓடும் மெல்லிய தோல் முகட்டை நறுக்கி எடுத்தார். சிறகு பாதியில் நின்றது. சீக்கிரம் எடுத்தால் மேற்கையோடு சரி. தாமதித்து எடுத்தால் முன்கைவரை வந்து விரல் மட்டும் காணோம். தோள் முதலில், விரல் கடைசியில் என்ற வரிசையும், நுனி முகடு ஏதோ ஒன்றைச் சுரந்து மொட்டை வளரவைக்கிறது என்பதும் ஒரே வெட்டில் தெரியவந்தன.

1950களில், இதோடு எந்தச் சம்பந்தமும் இல்லாததுபோல, அமெரிக்காவின் ஐடஹோ மலைகளில் ஒரு துயரம் நடந்துகொண்டிருந்தது. நெற்றி நடுவில் ஒற்றைக் கண்ணோடு ஆட்டுக்குட்டிகள் பிறந்தன. இடையர்கள் பயந்தார்கள், பரம்பரைக் குறை என்று பேச்சு எழுந்தால் மந்தையையே யாரும் வாங்கமாட்டார்கள். அமெரிக்க வேளாண் துறை விஞ்ஞானிகள் மந்தைகளோடு கோடைக்காலங்களைக் கழித்து, மலைப் புல்வெளியில் வளரும் ஒரு காட்டுச்செடியைக் கண்டுபிடித்தார்கள். சினையாடு பதினான்காம் நாள் அதைத் தின்றால் குட்டிக்கு ஒற்றைக் கண். சற்றுத் தள்ளி, கால் உருவாகும் நாட்களில் தின்றால் காலெலும்புகள் குட்டை. செடியிலிருந்து பிரித்தெடுத்த நஞ்சுக்கு, கிரேக்கக் கதைகளின் ஒற்றைக்கண் அரக்கரை வைத்து சைக்ளோபமைன் என்று பெயரிட்டார்கள். சினையாடுகளை அந்த நாட்களில் அந்தப் பக்கம் மேய்க்காதீர்கள் என்று இடையருக்குச் சொன்னதோடு பிரச்சினை தீர்ந்தது. நஞ்சு ஏன் அப்படிச் செய்கிறது என்பதற்கு விடை கிடைக்க இன்னும் முப்பது ஆண்டு ஆனது.

சாண்டர்ஸ் இதற்குள் சாவைப் பற்றி ஆராயப் போயிருந்தார். வளரும் சிறகு மொட்டின் பின்னோரத்தில், மனிதக் கையானால் சுண்டுவிரல் இருக்கும் பக்கத்தில், ஒரு கூட்டம் செல்கள் குறித்த நேரத்தில் செத்துப்போகின்றன. அவற்றை வேறிடத்தில் நட்டாலும் அதே நேரத்தில் சாகுமா? அவரும் மேரி கேஸ்லிங்கும் அந்தத் துண்டை எடுத்து மொட்டின் முன்னோரத்தில், கட்டைவிரல் பக்கத்தில், நுனி முகட்டுக்கடியில் வைத்தார்கள். சாவைக் காணப் போன இடத்தில் புதுச் சிறகு முளைத்தது. கோழிச் சிறகில் மூன்று விரல்; அக்காலத்து வழக்கப்படி அவற்றுக்கு 2, 3, 4 என்று எண். இப்போது வந்திருந்ததோ 4, 3, 2, 2, 3, 4. நிலைக்கண்ணாடியில் பார்ப்பதுபோல ஒன்றுக்கொன்று எதிராகத் திரும்பிய இரண்டு கைகள். 1968இல் இதை வெளியிட்டார்கள். செத்துப்போகிற செல்களுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பது பிறகு தெளிந்தது. கேள்வி தவறான இடத்தில் தோண்டியது, அகப்பட்டது புதையல்.

இந்தப் புதையலுக்கு அடுத்த சொந்தக்காரர் ஒரு கட்டடப் பொறியாளர். தென்னாப்பிரிக்காவில் பிறந்த லூயிஸ் வோல்பர்ட், மண்ணின் வலிமையை அளந்துகொண்டிருந்தவர். லண்டனுக்கு வந்து செல்களின் பக்கம் திரும்பினார். பிரான்ஸ் நாட்டுக் கொடியை உதாரணம் காட்டி அவர் ஒரு கேள்வியை முன்வைத்தார். நீலம், வெள்ளை, சிவப்பு என மூன்று நிறமாகவும் மாறத் தெரிந்த செல்கள் வரிசையாக நிற்கின்றன. கொடியைச் சின்னதாக வெட்டினாலும் பெரிதாக்கினாலும் மூன்று பட்டைகளும் சரியாக விழவேண்டும். எப்படி? ஒரு முனையிலிருந்து ஏதோ ஒரு பொருள் கசிகிறது. அடுக்களையில் தாளிக்கும் வாசம் வாசல்வரை மெலிந்துகொண்டே போவதுபோல அது போகப் போகக் குறைகிறது. செல் தனக்குக் கிட்டும் அளவை வைத்துத் தன் இடத்தை அறிந்து, நிறத்தைத் தேர்கிறது. 1969இல் வந்த இந்தக் கருத்தைப் பலர் ஏற்கவில்லை. மறுவருடமே டி.என்.ஏ.யின் வடிவத்தைக் கண்டவர்களில் ஒருவரான ஃபிரான்சிஸ் கிரிக் கணக்குப் போட்டு, கருவில் இருக்கும் சிறு தூரங்களுக்கு வெறும் கசிவே போதும் என்று எழுதிக் கைகொடுத்தார்.

வோல்பர்ட்டுடன் பணிபுரிந்த செரில் டிக்கிள் இதைக் கோழியிடம் கேட்டார். சாண்டர்ஸின் பின்னோரத் துண்டிலிருந்து சில பத்து செல்களை மட்டும் எடுத்து முன்னோரத்தில் வைத்தால் 2ஆம் விரல் ஒன்று மட்டும் கூடுதலாக வந்தது. செல்களைக் கூட்டினால் 3. இன்னும் கூட்டினால் 4. கொடி சொன்னபடியே. எலிக் கருவின் பின்னோரத்தைக் கோழி மொட்டில் வைத்தாலும் விரல்கள் கூடின; வந்தவை எலி விரல்கள் அல்ல, கோழி விரல்கள். இந்தச் சோதனையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும். கோழிக்கும் எலிக்கும் பொதுவான முன்னோர் முப்பது கோடி ஆண்டுக்கு முந்தியவர். அத்தனை காலம் பிரிந்திருந்தும் செய்தி மாறவில்லை. அதைக் கேட்டு என்ன செய்வது என்பதை மட்டும் கேட்பவர் தன் இயல்புப்படி முடிவு செய்கிறார்.

அந்தப் பொருள் எது? 1982இல் விடை கிடைத்துவிட்டதாகவே தோன்றியது. டிக்கிளும் அவர் குழுவினரும் வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த ரெட்டினாயிக் அமிலத்தில் ஊறவைத்த சின்னத் துணுக்குகளை மொட்டின் முன்னோரத்தில் செருகினார்கள். அச்சு அசல் அதே கண்ணாடிக் கை. ஐந்தாண்டில் அந்த அமிலம் மொட்டின் பின்பகுதியில் கூடுதலாக இருப்பதும் தெரியவந்தது. பாடப்புத்தகங்கள் எழுதத் தொடங்கிவிட்டன. ஆனால் 1990களின் தொடக்கத்தில் சந்தேகம் முளைத்தது. அமிலம் தானே செய்தி சொல்லவில்லை. பக்கத்துச் செல்களைப் புதிய பின்னோரமாக மாற்றிவிட்டுப் போகிறது. உண்மையான தூதர் இன்னும் மறைந்திருந்தார்.

தூதரின் பெயர் ஏற்கெனவே ஒரு பட்டியலில் ஏறியிருந்தது. ஜெர்மனியின் ஹைடல்பர்கில் கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்டும் எரிக் வீஷாஸும் பழ ஈக்களில் ஆயிரக்கணக்கான மரபணுப் பிறழ்வுகளை உண்டாக்கி, செத்துப்போன புழுக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். இருவரும் ஒரே நேரத்தில் ஒரே புழுவைப் பார்க்கும்படி இரட்டைக் கண்வில்லை பொருத்திய நுண்ணோக்கி. எதிரெதிரே உட்கார்ந்து மாதக்கணக்கில் வாதம். சாதாரணப் புழுவின் வயிற்றில் முள்வரிசையும் வழுவழுப்பும் மாறி மாறி வரும். ஒருவகைப் பிறழ்வில் புழு குட்டையாகி, வயிறு முழுக்க முள்ளாயிருந்தது. முள்ளெலி என்று பெயர் வைத்தார்கள், ஆங்கிலத்தில் ஹெட்ஜ்ஹாக். 1980இல் வந்த அவர்களுடைய கட்டுரையில் பதினைந்து மரபணுக்கள். அவற்றில் இது ஒன்று. 1995இல் நோபல் பரிசு.

ஈக்குக் கையும் இல்லை, விரலும் இல்லை. இருந்தும் 1992இல் அந்த மரபணு பிரித்தெடுக்கப்பட்டதும் மூன்று ஆய்வகங்கள் முதுகெலும்பு உள்ளவற்றில் அதன் உறவைத் தேடின: ஹார்வர்டில் கிளிஃப் டேபின், எலியில் ஆண்ட்ரூ மக்மஹன், இங்கிலாந்தில் வரிக்குதிரை மீனோடு ஃபிலிப் இங்கம். ஒருவரையொருவர் முந்தப் பார்க்காமல் சேர்ந்தே தேடினார்கள். ஈக்கு ஒன்றாயிருந்தது, பழங்காலத்தில் நகலெடுக்கப்பட்டு, கோழிக்கும் எலிக்கும் நமக்கும் மூன்றாகியிருந்தது. இரண்டுக்கு உண்மையான முள்ளெலி வகைகளின் பெயர்: பாலைவன முள்ளெலி, இந்திய முள்ளெலி. பின்னதன் நெருங்கிய உறவினம் ஒன்று தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்து வறண்ட நிலங்களில் இன்னும் ஒளிந்து வாழ்கிறது. மூன்றாவதுக்கு, டேபின் ஆய்வகத்தில் இருந்த ராபர்ட் ரிடில், சேகா நிறுவனத்தின் வீடியோ கேம் நாயகனான நீல முள்ளெலியின் பெயரைச் சூட்டினார்: சோனிக் ஹெட்ஜ்ஹாக். பிள்ளைகளின் மூளையும் முகமும் உருவாவதில் கோளாறு உண்டாக்கும் நோய்க்கும் இதே மரபணு காரணம் என்று பிறகு தெரிந்தபோது, துக்கத்தில் இருக்கும் பெற்றோரிடம் இந்தப் பெயரை எப்படிச் சொல்வது என்று மருத்துவர்கள் வருந்தினார்கள். அவர்கள் வருத்தம் நியாயமானது.

1993 டிசம்பரில் மூன்று கட்டுரைகளும் ஒரே இதழில் வந்தன. சோனிக் மரபணு சிறகு மொட்டின் பின்னோரத்தில், சாண்டர்ஸ் துண்டு வெட்டிய அதே இடத்தில், வேலை செய்துகொண்டிருந்தது. அதைச் சுரக்கும்படி செய்த செல்களை முன்னோரத்தில் வைத்தால் கண்ணாடிக் கை முளைத்தது. ரெட்டினாயிக் அமிலம் செய்ததெல்லாம் சோனிக்கை எழுப்பிவிட்டதுதான். கருவின் முதுகுத்தண்டுப் பகுதியிலிருந்து எடுத்த துண்டும் விரலைக் கூட்டுகிறது என்று ஒரு வினோதம் ஏற்கெனவே பதிவாகியிருந்தது. அதற்கும் விளக்கம் கிடைத்தது. அங்கே நரம்புகளுக்கு வழிகாட்டிக்கொண்டிருந்ததும் சோனிக்கேதான்.

நுனி முகட்டின் சுரப்பும் அதே ஆண்டு அகப்பட்டது. எஃப்.ஜி.எஃப். என்னும் புரதக் குடும்பம் அது. மாட்டின் மூளையிலிருந்தும் பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்தும் எடுத்த சாற்றில், செல்களைப் பெருகவைக்கும் பொருளாக 1970களில் தெரியவந்தது. முகட்டை வெட்டிவிட்டு இந்தப் புரதத்தில் ஊறிய துணுக்கை வைத்தால் சிறகு வளர்ந்து முடிந்தது. 1995இல் இதைக் கோழிக்கருவின் விலாவில் வைத்துப் பார்த்தார்கள். சிறகுக்கும் காலுக்கும் நடுவே புதிதாக ஒரு கால் முளைத்தது! சோனிக் முகட்டை உயிரோடு வைத்திருக்கிறது, முகடு சோனிக்கை உயிரோடு வைத்திருக்கிறது. ஒன்று நின்றால் மற்றதும் நிற்கும்.

புறங்கைக்கும் உள்ளங்கைக்கும் வேறு ஒரு தூதர். டெல்லியில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆர்.பி. சர்மா 1973இல் சிறகில்லாத ஒரு பழ ஈயைப் பதிவு செய்தார். அந்த ஈயின் மரபணுவும், எலிகளுக்கு மார்பகப் புற்று உண்டாக்கும் வைரஸ் தட்டி எழுப்பும் மரபணுவும் ஒன்றே என்று பிறகு தெரிந்து, இரண்டு பெயரையும் ஒட்டி ‘விண்ட்’ என்றார்கள். அதன் உறவான ஒரு புரதம் கை மொட்டின் மேல்தோலில் சுரந்தால் அந்தப் பக்கம் புறங்கை ஆகும். அது இல்லாத எலிக்குப் பாதத்தின் இருபுறமும் உள்ளங்கால் மெத்தைதான்.

விரல்களைப் பிரித்துவிடும் பி.எம்.பி. புரதத்தின் பூர்வீகம் எலும்பு மருத்துவத்தில் இருக்கிறது. 1965இல் லாஸ் ஏஞ்சலிஸில் மார்ஷல் யூரிஸ்ட், சுண்ணாம்புச் சத்து நீக்கிய எலும்புத்துண்டை முயலின் தசைக்குள் வைத்தபோது, தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்தது. எலும்பை உண்டாக்கும் அதே புரதம் கருவின் விரலிடைச் சவ்வில் சாவை உண்டாக்குகிறது. வாத்தின் காலில் கிரெம்லின் என்ற மறிப்புப் புரதம் அதைத் தடுக்கிறது. அதனால் சவ்வு மிஞ்சி, வாத்து நீந்துகிறது. வௌவாலின் இறக்கைச் சவ்வும் இப்படித் தப்பித்ததே.

சோனிக் இல்லாத எலியை 1996இல் அமெரிக்காவில் ஃபிலிப் பீச்சியும் அவர் குழுவினரும் உண்டாக்கினார்கள். கைகால்கள் பாதியில் நின்றிருந்தன. முகத்தில் ஒரே ஒரு கண் இருக்கும் கோலம். ஐடஹோ ஆட்டுக்குட்டிகளின் பழைய படங்கள் நினைவுக்கு வர நேரமாகவில்லை. 1998இல் விடை உறுதியானது: சைக்ளோபமைன் செய்ததெல்லாம் செல்கள் சோனிக்கின் செய்தியைக் கேட்கவிடாமல் அடைத்தது. இன்னொரு பக்கம், தோலில் உண்டாகும் அடித்தளச் செல் புற்றுநோயில் இதே செய்தி ஓயாமல் ஒலித்துக்கொண்டிருப்பதும் தெரிந்திருந்தது. அப்படியானால் செவியை அடைக்கும் நஞ்சே மருந்தாகலாமே? அந்த வழியில் உருவான விஸ்மோடெகிப் 2012 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. உண்பவருக்கு முடி கொட்டும், நாக்கில் ருசி குன்றும். வளர்ந்த உடலிலும் மயிர்க்கால்களும் சுவையரும்புகளும் சோனிக்கைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. கருவுற்ற பெண்கள் இதைத் தொடவே கூடாது என்ற கடும் எச்சரிக்கை மருந்தோடு வருகிறது.

இந்திய முள்ளெலி மரபணுவுக்கும் ஒரு பழைய கணக்கு பாக்கி இருந்தது. பென்சில்வேனியாவில் ஒரு குடும்பத்தில் விரல்கள் தலைமுறை தலைமுறையாகக் குட்டையாக இருந்ததை 1905இல் வில்லியம் ஃபராபி வெளியிட்டார். மெண்டலின் விதி மனிதருக்கும் பொருந்தும் என்று முதன்முதலில் காட்டிய சான்றுகளில் அது ஒன்று. கிட்டத்தட்ட நூறாண்டு கழித்து, அந்தக் குறைக்குக் காரணம் விரலெலும்பை நீளவைக்கும் இந்திய முள்ளெலி மரபணு என்று தெரியவந்தது.

இனி பூனைகள். எடின்பரோவில் ராபர்ட் ஹில்லும் லாரா லெட்டிஸும் ஒரு எலியோடு மல்லாடிக்கொண்டிருந்தார்கள். வேறு வேலைக்காக எலிக்குள் செலுத்திய அந்நிய மரபணு தற்செயலாக எங்கோ போய்ச் செருகிக்கொள்ள, கால்விரல்கள் பெருகிவிட்டன. பனிக்காட்டுப் பெருங்கால் மனிதனை நினைத்து அந்த எலிக்கு சாஸ்க்வாட்ச் என்று பெயர். செருகிய இடம் வேறொரு மரபணுவின் நடுவில். அதைத்தான் முதலில் குற்றவாளி என்று பிடித்தார்கள். அது நிரபராதி. அதன் வயிற்றுக்குள் ஏறக்குறைய எண்ணூறு டி.என்.ஏ. எழுத்து நீளத்துக்கு ஒரு சுவிட்ச் இருந்தது. பத்து லட்சம் எழுத்துக்கு அப்பால் இருக்கும் சோனிக்கைக் கைகால் மொட்டில் மட்டும் எழுப்பும் சுவிட்ச். 2003இல் இது வெளியானது. 2005இல் ஜப்பானியக் குழு அந்தத் துண்டை மட்டும் எலியிலிருந்து நீக்கியது. மூளை நலம், முகம் நலம், கைகால் நுனி மட்டும் இல்லை. பிறகு ஒவ்வொன்றாகப் பழைய முகங்கள் வந்து சேர்ந்தன. ஆறு விரல் மனிதக் குடும்பங்கள் பலவற்றில் இதே சுவிட்சில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது. 2008இல் ஹெமிங்வே பூனைகளில் ஒரு எழுத்து. சில்க்கிக் கோழியிலும் ஒரு எழுத்து. அந்தப் பிழையால் சுவிட்ச் கட்டைவிரல் பக்கத்திலும் கொஞ்சம் எரிகிறது. அங்கேயும் செய்தி கிளம்பி, விரல் கூடுகிறது. ரூஹே குடும்பத்துக்கு என்ன பிழை என்று பார்க்க இன்று வழியில்லை.

சுவிட்ச் கெட்டால் காலே போகவும் கூடும். 2016இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் எலியின் சுவிட்சை எடுத்துவிட்டு மற்ற விலங்குகளுடையதைப் பொருத்திப் பார்த்தார்கள். மனிதனுடையதை வைத்தால் கால் ஒழுங்காக வந்தது. மீனுடையதை வைத்தாலும் ஒழுங்காக வந்தது. நாகப்பாம்புடையதை வைத்தால் எலிக்குக் கால் குட்டையான முளையோடு நின்றுவிட்டது. பாம்புகளின் சுவிட்சில் பதினேழு எழுத்துகள் தொலைந்திருந்தன. அந்தப் பதினேழையும் பாம்பின் துண்டிலேயே திரும்ப எழுதி எலிக்குள் வைத்தபோது நான்கு கால்களும் வளர்ந்தன.

இத்தனைக்கும் பிறகு வோல்பர்ட்டின் கொடி அப்படியே பறக்கிறதா? முழுசாக இல்லை. 2004இல் ஹார்வர்டில் எலியில் சோனிக் சுரந்த செல்களுக்கு அடையாளமிட்டுத் தொடர்ந்து பார்த்தபோது, சுண்டுவிரலும் மோதிரவிரலும், நடுவிரலில் ஒரு பகுதியும் அந்தச் செல்களின் வாரிசுகளாலேயே ஆனவை என்று தெரிந்தது. இவற்றுக்கு, செய்தி எவ்வளவு கிடைத்தது என்பதோடு எவ்வளவு நேரம் கிடைத்தது என்பதும் கணக்கு. ஆள்காட்டிவிரல் கசிந்துவரும் செய்தியை நம்பியிருக்கிறது. கட்டைவிரலுக்கு மட்டும் சோனிக்கின் தயவே வேண்டாம்.

விரல், இடைவெளி, விரல், இடைவெளி என்று தாளம் விழுவதற்கு வேறொருவர் கணக்கு எழுதிவைத்திருந்தார். கணினியின் முன்னோடி ஆலன் டூரிங் 1952இல், ஒன்றையொன்று தூண்டியும் தடுத்தும் பரவும் பொருட்கள் தாமாகவே பட்டைகளையும் புள்ளிகளையும் உண்டாக்கும் என்று சமன்பாடு போட்டுக் காட்டினார். இரண்டாண்டில் இறந்துபோனார். 2012இல் எலியின் சில மரபணுக்களை ஒவ்வொன்றாகக் குறைத்தபோது, பாதம் பெரிதாகாமலே விரல்கள் மெலிந்து நெருங்கி, பத்துக்கும் மேலாயின. அவர் சமன்பாட்டில் அலைநீளம் குறைந்தால் நடக்கவேண்டியது அதுதான். 2014இல் பார்சிலோனாவில் ஜேம்ஸ் ஷார்ப் குழுவினர், பி.எம்.பி.யும் விண்ட்டும் அந்தத் தாளத்தைப் போடும் ஜோடி என்று காட்டினார்கள். எத்தனை பட்டை என்பது டூரிங்கிடம், எந்தப் பட்டை எது என்பது வோல்பர்ட்டிடம் என்று இப்போது பலர் பிரித்துச் சொல்கிறார்கள்.

மீனுக்கு விரல் கிடையாது. ஆனால் சோனிக்கும் அதன் சுவிட்சும் மீனிடம் உண்டு. திருக்கை மீனின் துடுப்பில் ரெட்டினாயிக் அமிலத்தை வைத்தபோது கண்ணாடி உருவம் உண்டாவதை நீல் ஷூபின் குழு 2007இல் கண்டது. ஆக, செய்தி விரலைவிடப் பழையது. கிரீன்லாந்தில் கிடைத்த அக்காந்தோஸ்டெகா என்ற ஆதி நாலுகால் விலங்குக்கு எட்டு விரல், அதன் உறவான இக்தியோஸ்டெகாவுக்கு ஏழு. ஐந்து என்பது பிற்பாடு வந்த ஏற்பாடு. 2025இல் டெனி டுபூல், ஷூபின் உள்ளிட்டோர் இன்னொரு துண்டைச் சேர்த்தார்கள். எலியில் விரல்களுக்குரிய ஹாக்ஸ் என்ற மரபணுக்களை இயக்கும் பெரிய சுவிட்ச் பகுதி ஒன்று உண்டு. அதை நீக்கினால் எலிக்கு விரல் வராது. அதே பகுதியை வரிக்குதிரை மீனிலிருந்து நீக்கினார்கள். துடுப்புக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. மாறாகக் குடலும் சிறுநீர்ப் பாதையும் இனப்பெருக்கப் பாதையும் முடியும் கழிவாய்ப் பகுதியில் அந்த மரபணுக்கள் மௌனமாயின. நம் முன்னோர் கரையேறியபோது விரலுக்கென்று புதிய கருவி எதுவும் செய்துகொள்ளவில்லை. கழிவாயைக் கட்டிய பழைய சுவிட்ச் பகுதி அப்படியே கைக்கு இரவலாக வந்தது.